லண்டன் சிக்னலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே நுழைவது: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிவப்பு விளக்கு எரிகிறது. கார்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவே ஒரு பைக் போகிற அளவுக்கு இடம் இருக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வண்டி ஓட்டிப் பழகியவர் இதற்கெல்லாம் யோசிப்பதில்லை, கை தானாகவே ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிடும். லண்டனில் அப்படி நுழையலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒருவர் குற்றம் என்பார், இன்னொருவர் 'எல்லாரும் போறாங்களே' என்பார்.

நுழையலாம். பிரிட்டனில் இதை ஃபில்டரிங் என்கிறார்கள், சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஹைவே கோட் என்ற சாலை விதி நூலின் 88-ஆவது விதி, ஃபில்டர் செய்யும் பைக்காரர்களுக்குக் கவனமும் குறைந்த வேகமும் வேண்டும் என்று சொல்கிறது. கார்க்காரர்களுக்கும், வரிசைக்கு நடுவே சைக்கிளும் பைக்கும் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதே நூலில் எழுதியிருக்கிறது. ஆனால் எங்காவது இடித்துவிட்டால் 'நீ ஏன் அந்த இடத்தில் இருந்தாய்?' என்ற கேள்வி முதலில் உங்களைப் பார்த்துத்தான் வரும். அந்த நேரத்தில் லைசென்ஸிலோ இன்ஷூரன்ஸிலோ ஓர் ஓட்டை இருந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பெரிதாகப் பயன் இருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் காகிதங்கள் முதலில் வருகின்றன, சிக்னல் பின்னால் வருகிறது.

ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட், டூட்டிங், ஹாரோ பக்கம் வந்து இறங்கி, ரயில் டிக்கெட் விலையைப் பார்த்து இரண்டு சக்கரத்துக்கு மாற நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இந்த விவரங்களை நான் துண்டு துண்டாகப் பல இடங்களில் அலைந்து பொறுக்கியதால், அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்று ஒரே இடத்தில் வைக்கிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சாதாரண சைக்கிளுக்கு லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், வரி எதுவும் வேண்டாம். இன்று வாங்கி இன்றே ஓட்டலாம்.

மின்சார சைக்கிளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், பெடல் மிதித்தால்தான் உதவ வேண்டும், மணிக்கு 15.5 மைலில், அதாவது சுமார் 25 கிலோமீட்டரில், மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் அது சைக்கிள். மிதிக்காமலே கைப்பிடியை முறுக்கி 30 மைலில் பறக்கிற மாதிரி மாற்றிய வண்டி சட்டப்படி மோட்டார் வண்டிதான். அதற்குப் பதிவு, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும், ஆனால் அப்படி ஒரு வண்டிக்கு அவை கிடைக்கப் போவதில்லை. போலீஸ் பிடித்தால் வண்டி போய்விடும், லைசென்ஸில் பாயிண்டும், அதாவது குற்றத்துக்கான தண்டனைப் புள்ளியும், ஏறும். 'செகண்ட் ஹேண்ட், நல்ல ஸ்பீடு' என்று யாராவது விற்க வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெட்ரோல் வண்டி என்றால் 125 சிசி வரை ஒரு பாதை, அதற்கு மேல் வேறு பாதை. கீழே வருகிறது.

உணவு டெலிவரிக்காக வண்டி வாங்குகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. டெலிவரி ஆப்களில் ஓட்டுகிறவர்கள் பொதுவாகச் சுயதொழில் கணக்கில்தான் வருகிறார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாமே என்று நினைக்கலாம், அந்த 20 மணி நேரத்துக்குள் இது அடங்காது. இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் அடிபட்ட அன்று இன்ஷூரன்ஸும் இல்லை, விசாவும் கேள்விக்குறி.

2. ஊர் லைசென்ஸ் இருந்தால் 12 மாதம்

இந்தியா, இலங்கை இரண்டுமே பிரிட்டன் நேரடியாக லைசென்ஸ் மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆனால் செல்லுபடியாகும் முழு லைசென்ஸ் உங்களிடம் இருந்தால், இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்தே ஓட்டலாம். அதில் எந்த வகை வண்டி குறிக்கப்பட்டிருக்கிறதோ அதை மட்டும்தான் ஓட்டலாம். கார் மட்டும் போட்டிருந்தால் பைக் கிடையாது. எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், கணக்கில் வராது.

கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. கணக்கு நீங்கள் பைக் வாங்கிய நாளில் தொடங்குவதில்லை, இங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இடையில் பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த 12 மாதம் முடிந்த மறுநாள் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். லைசென்ஸ் இல்லை என்றால் இன்ஷூரன்ஸும் நிற்காது.

என் யோசனை: ஊர் லைசென்ஸை நம்பி 11 மாதம் சும்மா இருக்க வேண்டாம். வந்த இரண்டு, மூன்று மாதத்திலேயே அடுத்த படியைத் தொடங்குங்கள். ஊர் லைசென்ஸை வைத்து இன்ஷூரன்ஸ் கேட்டால் பல கம்பெனிகள் விலையை ஏற்றிச் சொல்லும் அல்லது தரவே மாட்டார்கள், அதனால் பண விஷயத்திலும் இதுதான் லாபம்.

3. புரொவிஷனல் லைசென்ஸும் சிபிடியும்

புரொவிஷனல் என்றால் நம் எல்எல்ஆர் மாதிரி. இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, தபாலில் 43 பவுண்டு. தபால் படிவம், அதாவது டி1, அஞ்சலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிரிட்டனில் குறைந்தது 185 நாள் வசிக்க அனுமதி இருக்க வேண்டும். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட், இ-விசாவின் ஷேர் கோட் (உங்கள் விசாவை மற்றவர் இணையத்தில் சரிபார்க்கத் தரும் எண்), கடந்த மூன்று ஆண்டு குடியிருந்த முகவரிகள், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் இருந்தால் அது. ஊர் முகவரியையும் சேர்த்துத்தான் மூன்று ஆண்டு. முகவரியும் தேதியும் விசாவுக்குக் கொடுத்ததோடு ஒத்துப்போகட்டும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அசல் ஆவணங்களைத் தபாலில் அனுப்ப வேண்டி வரலாம். அதனால் அடுத்த மாதம் ஊருக்கு டிக்கெட் போட்டுவைத்துக்கொண்டு இதைத் தொடங்காதீர்கள். பாஸ்போர்ட்டை அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், திரும்பி வரவும் அதே மாதிரி உறை வைத்துவிடுங்கள்.

கார்டு வந்ததும் சிபிடி. இது ஒருநாள் கட்டாயப் பயிற்சி. மொபெட்டுக்கு 16 வயது, 125 சிசிக்கு 17 வயது. பயிற்சிப் பள்ளிக்குப் பள்ளி கட்டணம் மாறும், லண்டனில் பெரும்பாலும் 130 முதல் 200 பவுண்டு வரை. வண்டியும் ஹெல்மெட்டும் அவர்களே தருவதுண்டு, புக் செய்யும்போது கேட்டுவிடுங்கள். பயிற்சி ஐந்து பகுதி: அறிமுகமும் கண் பரிசோதனையும், வண்டியைப் பற்றிய பாடம், மைதானத்தில் ஓட்டுவது, சாலைக்குப் போகுமுன் விளக்கம், கடைசியாகக் குறைந்தது இரண்டு மணி நேரம் சாலையில் ஓட்டம். கண் பரிசோதனையில் 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இதில் பாஸ், ஃபெயில் இல்லை என்று சொல்வார்கள். சொல்வது உண்மைதான், ஆனால் பயிற்சியாளருக்குத் திருப்தி வராவிட்டால் சான்றிதழ் தரமாட்டார், இன்னொரு நாள் பணம் கட்டி வர வேண்டும். பத்து வருடம் ஊரில் புல்லட் ஓட்டியவர்களுக்கும் இது நடக்கிறது. காரணம் ஓட்டத் தெரியாதது இல்லை. இங்கே 'லைஃப் சேவர்' என்று ஒன்று எதிர்பார்க்கிறார்கள்: பக்கம் மாறும் முன் தோளுக்கு மேலே தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியில் பார்த்தால் போதாது. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது, ஃபில்டரிங்குக்கும் உயிர்நாடி இதுதான்.

அன்று அசல் லைசென்ஸ் கார்டு கையில் இருக்க வேண்டும், போனில் உள்ள படம் செல்லாது. தாமதமாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணம் திரும்பக் கிடைக்காது. ஜீன்ஸும் கணுக்காலை மூடும் காலணியும் போட்டுப் போங்கள்.

சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டி 125 சிசி வரை ஓட்டலாம். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, மோட்டார்வேயில் ஏறக் கூடாது. எல் போர்டோடு ஃபில்டர் செய்யக் கூடாது என்று பிரிட்டனில் தனி விதி கிடையாது. சிட்னியில் இருக்கும் சொந்தக்காரர் வேறு மாதிரி சொல்லலாம். அங்கே, நியூ சவுத் வேல்ஸில், முழு லைசென்ஸ் வேண்டும், 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நுழையக் கூடாது. அது அங்கே.

4. முழு லைசென்ஸ்

எல் போர்டைக் கழற்ற மூன்று தேர்வுகள். எழுத்துத் தேர்வு 23 பவுண்டு: 50 கேள்வியில் 43 சரியாக வேண்டும், அப்புறம் ஆபத்தை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வீடியோக்களில் 75-க்கு 44. தமிழில் எழுத முடியாது, ஆங்கிலம்தான். மாட்யூல் 1 மைதானத்தில், 15.50 பவுண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் அவசர பிரேக் அடிக்கச் சொல்வார்கள். மாட்யூல் 2 சாலையில், வாரநாளில் 75 பவுண்டு, மாலையிலும் வாரக்கடைசியிலும் 88.50. எழுத்துத் தேர்வில் தேறிய இரண்டு ஆண்டுக்குள் மற்ற இரண்டையும் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து.

24 வயது ஆகியிருந்தால் நேராகப் பெரிய பைக்குக்குப் போகலாம். 19 வயதில் 35 கிலோவாட் சக்தி வரையுள்ள பைக். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு எழுதினால் லைசென்ஸும் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிகளின் தொகுப்புப் பயிற்சி பல நூறு பவுண்டில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். 'தேர்வுக் கட்டணம் சேர்த்தா, சேர்க்காமலா? திரும்ப எழுதினால் வண்டி வாடகை எவ்வளவு?' இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

5. இன்ஷூரன்ஸ், ஹெல்மெட், வண்டிக் காகிதம்

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள். சொந்த உபயோகம் ஒரு விலை, வேலைக்குப் போய்வர ஒரு விலை, டெலிவரிக்கு 'ஹையர் அண்ட் ரிவார்டு' என்று தனி, அதுதான் விலை அதிகம். விலை குறையட்டும் என்று சொந்த உபயோகம் எடுத்துவிட்டு டெலிவரி ஓட்டினால் அந்த நேரத்தில் உங்களுக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்றுதான் பொருள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், 6 பாயிண்ட், வண்டியும் பறிமுதல் ஆகலாம். முழு லைசென்ஸ் வாங்கிய முதல் இரண்டு ஆண்டில் 6 பாயிண்ட் சேர்ந்தாலே லைசென்ஸ் ரத்து, மறுபடி புரொவிஷனலில் இருந்து வர வேண்டும். இந்த எண்ணை மனதில் வையுங்கள், சிக்னலில் மறுபடி வரும்.

ஊரிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் கொண்டுவந்திருந்தால் அதை அலமாரியில் வைத்துவிடுங்கள். இங்கே யூஎன் 22.05 அல்லது 22.06 தரம், இல்லையென்றால் பிரிட்டிஷ் தர முத்திரை வேண்டும். ஷார்ப் என்ற அரசு மதிப்பீட்டில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து வாங்கலாம், விலை அதிகமானால் நட்சத்திரமும் அதிகம் என்று கட்டாயம் இல்லை.

பழைய வண்டி வாங்கினால் வி5சி என்ற பதிவுப் புத்தகமும், மூன்று வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி என்ற வண்டித் தகுதிச் சான்றும் பாருங்கள். எம்ஓடி பைக்குக்கு அதிகபட்சம் 29.65 பவுண்டு. சின்ன வண்டிக்குச் சாலை வரி ஆண்டுக்கு 30 பவுண்டுக்குள் முடிந்துவிடும். லண்டன் முழுவதும் யூலெஸ் மாசுக் கட்டண வட்டத்துக்குள் வருவதால், பைக் யூரோ 3 தரத்துக்குக் கீழே இருந்தால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மலிவாகக் கிடைத்த வண்டி இங்கேதான் காலை வாரும். வண்டி நம்பரை லண்டன் போக்குவரத்து நிர்வாகமான டிஎஃப்எல்லின் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள். நகர மையத்தின் கன்ஜெஷன் சார்ஜ் என்ற நெரிசல் கட்டணம் பைக்குக்குக் கிடையாது.

6. கோடுகளைப் படியுங்கள்

ஊரில் சாலைக் கோடுகள் அலங்காரம். இங்கே பணம்.

சிக்னலில் முதலில் ஒரு கோடு, நாலைந்து மீட்டர் தள்ளி இன்னொரு கோடு, நடுவே சைக்கிள் படம் போட்ட பெட்டி. அந்தப் பெட்டி சைக்கிளுக்கு மட்டும். பைக்கோ ஸ்கூட்டரோ, 50 சிசி மொபெட்டே ஆனாலும், சிவப்பு எரியும்போது முதல் கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. 100 பவுண்டு, 3 பாயிண்ட். டெலிவரிப் பையன்கள் எல்லாரும் அந்தப் பெட்டிக்குள்தான் நிற்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். புது லைசென்ஸ்காரருக்கு இது இரண்டு முறை நடந்தால் 6 பாயிண்ட், கணக்கு முடிந்தது. நீங்கள் முதல் கோட்டைத் தாண்டிய பிறகு விளக்கு சிவப்பாக மாறினால் அங்கேயே நின்றுகொள்ளலாம், அது குற்றம் இல்லை.

மஞ்சள் கட்டம் போட்ட சந்திப்பில், வெளியேற இடம் இல்லாமல் உள்ளே போய் நிற்கக் கூடாது. நேராகப் போகும் பைக்குக்கும் தனிச் சலுகை இல்லை. பேருந்து லேனில், பலகையில் மோட்டார் சைக்கிள் படம் இருந்தால் மட்டுமே போகலாம். டிஎஃப்எல்லின் சிவப்புக் கோட்டுச் சாலைகளில் பெரும்பாலும் இருக்கும், கவுன்சில் சாலைகளில் ஊருக்கு ஊர் மாறும். ஒரே சாலையில் பரோ, அதாவது ஒரு கவுன்சிலின் பகுதி, எல்லை தாண்டியதும் விதி மாறிவிடுவது உண்டு. மஞ்சள் கட்டம், பேருந்து லேன் இரண்டுக்குமே அபராதம் 160 பவுண்டு, 14 நாளில் கட்டினால் பாதி.

பாதசாரிக் கடவைக்கு முன்னும் பின்னும் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடு வருகிற இடத்தில் ஃபில்டரிங்கை மறந்துவிடுங்கள். கடவைக்கு மிக அருகில் இருக்கும் வண்டியை, அது நகர்ந்தாலும் சரி, ஆள் கடக்க வழிவிட்டு நின்றாலும் சரி, முந்தக் கூடாது. வேனுக்கு முன்னால் ஒரு குழந்தை வருவது உங்களுக்குத் தெரியாது.

நடுவில் இரட்டை வெள்ளைக் கோடு இருந்து, உங்கள் பக்கக் கோடு முழுக்கோடாக இருந்தால் அதைத் தாண்டிப் போய் வரிசையைக் கடக்க வேண்டாம். நின்றுபோன வண்டியைக் கடக்க விலக்கு உண்டு என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தைத் தெருவோரத்தில் போலீஸிடம் செய்ய வேண்டியிருக்கும்.

7. பைக்கில் நுழையும் முறை

பிரிட்டிஷ் சட்டத்தில் ஃபில்டரிங்குக்கு இத்தனை மைல் என்று எண் இல்லை. பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வது: கூட்டம் 20 மைலுக்குக் குறைவாகப் போனால் மட்டும் நுழை, அவர்களைவிட 10 மைல் கூடுதலுக்கு மேல் போகாதே. நான் இதைவிட எளிதாக வைத்திருக்கிறேன். எல்லாரும் நின்றால் போவேன். நகர ஆரம்பித்தால் ஒரு காருக்குப் பின்னால் சேர்ந்துகொள்வேன்.

மிக ஆபத்தான நேரம் எல்லாரும் நிற்கிற நேரம் இல்லை, ஒரு லேன் மட்டும் நகரத் தொடங்குகிற நேரம். நிற்கிற லேனில் இருப்பவர் பொறுமையிழந்து, கண்ணாடியைப் பார்க்காமல் நகரும் லேனுக்குத் தாவுவார். அவர் முன்சக்கரம் திரும்புவதைப் பாருங்கள், இண்டிகேட்டரை நம்பாதீர்கள். ஒரு காருக்கு முன்னால் பெரிய இடைவெளி திறந்தால், அந்த இடைவெளிக்குள் யாரோ வரப்போகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே கார்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வெளியே வரத் தவித்தால் நிறுத்திக் கையசைத்து வழிவிடுவார்கள். வழி வாங்கியவர் நன்றி சொல்லிக்கொண்டே மூக்கை நீட்டுவார், நீங்கள் வருவது இருவருக்குமே தெரியாது. ஃபில்டரிங் மோதல் என்றால் இந்த வகைதான் நினைவுக்கு வரும். 1966-இல் பவல் எதிர் மூடி என்ற வழக்கில் இதேதான்: வரிசையில் நின்ற பால் டேங்கர் வழிவிட, பக்கத்துத் தெருவிலிருந்து வந்த கார் நீட்ட, வரிசையைக் கடந்துவந்த பைக்காரர் மோதினார். 80 சதவீதப் பழி பைக்காரர் தலையில் விழுந்தது. 2006-இல் டேவிஸ் எதிர் ஸ்க்ரோகின் வழக்கில், வரிசையிலிருந்து திடீரென்று யூ டர்ன் அடித்த காரின் மேல் முழுப் பழியும் போனது. ஆக, ஃபில்டர் செய்தாலே தப்பு உங்கள் மேல் என்று வரும் இன்ஷூரன்ஸ் கடிதத்தை அப்படியே ஏற்க வேண்டாம். ஆனால் பக்கத்துத் தெரு வாய்களில் வேகம் குறைத்திருந்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். ரோம்ஃபோர்ட் ரோடு மாதிரி நூறடிக்கு ஒரு தெரு வாய் இருக்கும் சாலையில் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுங்கள்.

எந்தப் பக்கம்? ஒரே திசையில் இரண்டு லேன் இருந்தால் இரண்டுக்கும் நடுவே. ஒரு லேன்தான் என்றால் வரிசையின் வலப்பக்கம், எதிரே யாரும் வராதபோது, திரும்பச் சேர்ந்துகொள்ள இடம் தெரிந்த பிறகு. சாலை நடுவில் தீவு மாதிரி மேடை வந்தால் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், தீவின் தவறான பக்கம் போகக் கூடாது. நடைபாதைக்கும் காருக்கும் நடுவே இடப்பக்கம் பைக்கில் ஏறுவது ஊர்ப் பழக்கம், இங்கே விட்டுவிடுங்கள். இடப்பக்கம் திரும்பும் கார், டாக்ஸிக் கதவைத் திறக்கும் பயணி, நிற்கும் பேருந்துக்கு முன்னால் குதித்துவரும் ஆள், எல்லாரும் அங்கேதான் வருவார்கள்.

லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே எத்தனை அகலம் இருந்தாலும் போகாதீர்கள். அவை திரும்பும்போது அந்த அகலம் இருக்காது.

முன்னால் போய்ச் சேர்ந்த பிறகு என்ன? இதை யாரும் சொல்லித்தருவதில்லை. சைக்கிள் பெட்டிக்குள் போக முடியாது, முதல் கார் முதல் கோட்டை ஒட்டி நிற்கிறது, நீங்கள் அவர் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் முதல் காருக்கும் இரண்டாவது காருக்கும் இடையிலுள்ள இடத்தையே இலக்காக வையுங்கள். இரண்டாவது கார்க்காரரின் கண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள். பெரும்பாலும் ஒரு அடி பின்வாங்கி இடம் தருவார்கள், கையைத் தூக்கி நன்றி சொல்லுங்கள்.

நம்மூர் சிக்னல் மாதிரி இங்கே விநாடி எண்ணும் கடிகாரம் வண்டிகளுக்கு இல்லை. பச்சைக்கு முன் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும். அப்போதும் நிற்கத்தான் வேண்டும், ஆனால் உங்களுக்கு அது எச்சரிக்கை: இன்னும் நடுவில் இருந்தால் உடனே ஒரு இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். சில கடவைகளில் பாதசாரிகளுக்கு எண் இறங்கும். அதைப் பார்த்தே மீதி நேரத்தை ஓரளவு கணிக்கலாம். எண் பத்துக்குக் கீழே போனால் நான் புதிதாக நுழைவதில்லை.

ஹாரன் விஷயம் தனி. 'நான் வருகிறேன்' என்று அடிப்பது நமக்கு இயல்பு, இங்கே அது சண்டைக்கு அழைப்பு. நின்றுகொண்டிருக்கும்போது அடிக்கக் கூடாது. வீடுகள் உள்ள பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஓட்டிக்கொண்டிருந்தாலும் அடிக்கக் கூடாது. ஹை பீம் அடித்தால் 'நீங்கள் போங்கள்' என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார், நீங்கள் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர்.

மழை நாளில் லேன் கோட்டின் வெள்ளைப் பெயிண்ட்டும் சாக்கடை மூடியும் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். நடுவே போகிறவர் ஓட்டுவது அந்தக் கோட்டின் மேல்தான். அன்று வரிசையில் நின்றுவிடலாம், நேரம் போனால் போகட்டும்.

8. சைக்கிளில்

சைக்கிளுக்கு ஹைவே கோட் இரண்டு பக்கமும் அனுமதி தருகிறது. நின்ற வண்டிகளை இடமாகவும் கடக்கலாம், வலமாகவும் கடக்கலாம். 2022 ஜனவரியில் மாறிய விதிகளின்படி, நேராகப் போகும் சைக்கிளின் குறுக்கே கார் திரும்பக் கூடாது. விதி உங்கள் பக்கம்தான், லாரியின் கண்ணாடி உங்கள் பக்கம் இல்லை. சந்திப்பில் நிற்கும் லாரியின் இடப்பக்கம் ஏறாதீர்கள், அங்கே சைக்கிள் லேன் வரைந்திருந்தாலும் ஏறாதீர்கள். லண்டனில் சைக்கிள் மரணங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருவது இந்த இடப்பக்கத் திருப்பம்தான்.

பெட்டிக்குள் போனால் முன்னால், லேனின் நடுவில் நில்லுங்கள். ஓரத்தில் ஒதுங்கினால் பச்சை விழுந்ததும் பின்னால் இருப்பவர் உங்களை உரசித் திரும்புவார். முதல் வண்டி லாரி என்றால், பெட்டிக்குள்ளும் அதற்கு ஒட்டி முன்னால் நிற்க வேண்டாம், ஓட்டுநரின் உயரத்தில் இருந்து நீங்கள் தெரியமாட்டீர்கள். அவருக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

நிறுத்திய கார்களைக் கடக்கும்போது கதவு அகலம் விட்டுப் போங்கள். பல பரோக்கள் பெரியவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சைக்கிள் பயிற்சி தருகின்றன. பயிற்சியாளர் நீங்கள் வேலைக்குப் போகும் வழியிலேயே கூட வருவார், கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஆல்ட்கேட் போகிறவர்களுக்குப் பெரும்பகுதி தனிச் சைக்கிள் பாதையே இருக்கிறது, அங்கே இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

9. உரசிவிட்டால்

கண்ணாடியைத் தட்டிவிட்டு 'சாரி' என்று கையைத் தூக்கிப் போய்விடுவது இங்கே குற்றம். பைக்கில் போய் யாருடைய வண்டிக்காவது சேதம் ஏற்பட்டால் நிற்க வேண்டும், பெயர், முகவரி, வண்டி எண் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனால், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 24 மணி நேரம் தாண்டாமல் போலீஸிடம் பதிய வேண்டும். யாருக்காவது காயம் என்றால் இன்ஷூரன்ஸ் சான்றும் அங்கேயே காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் அதே 24 மணி நேரக் கெடு.

அங்கேயே 'என் தப்புதான்' என்று சொல்லிவிடாதீர்கள். நம்மவர்களுக்கு மரியாதைக்காகச் சொல்லும் பழக்கம் உண்டு, இன்ஷூரன்ஸ்காரர் அதை வாக்குமூலமாக எழுதிக்கொள்வார். வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள்: சாலைக் கோடுகள், விளக்கு, இடைவெளி எங்கே இருந்தது, பக்கத்துத் தெரு வாய், கார் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது. சாட்சி ஒருவரின் போன் எண்ணை வாங்குங்கள், பேருந்து பக்கத்தில் இருந்தால் அதன் ரூட் எண்ணும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்துக் கேமராப் பதிவும் கடைக் கேமராப் பதிவும் சில நாளில் அழிந்துவிடும், அதனால் மறுநாளே எழுதிக் கேளுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸுக்கும் உடனே சொல்லிவிட வேண்டும், நீங்கள் எதுவும் கேட்கப் போவதில்லை என்றாலும். காயத்துக்கான இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தெருவிலேயே வந்து அட்டை நீட்டி 'பைக்கும் தருகிறோம், வக்கீலும் தருகிறோம்' என்பவர்களிடம் அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம், அந்த வாடகை பைக்கின் கட்டணம் கடைசியில் உங்கள் பெயரில் வந்து நிற்கலாம்.